ஆக்ஸிமீட்டரில் 96; பிறகு ஏன் மூச்சு முட்டுகிறது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், 20 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாங்க, வறுக்கும் இடத்தை ஒட்டி ஓடு உடைக்கிற பிரிவில். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. வீட்டில் கேஸ் இருக்கு, ஆனால் காப்பி போட மட்டும்தான். சோறு, கிழங்கு எல்லாம் விறகடுப்பில். மூணு வருஷமா இருமலும் இளைப்பும். இப்போ குளிச்சுட்டுத் தலை துவட்டும்போதே மூச்சு முட்டுது. ஆக்ஸிமீட்டர் வச்சுப் பார்த்தால் 96 காட்டுது. சளி டெஸ்டில் டிபி இல்லை, இதயத்துக்கு எடுத்த எக்கோ நார்மல். ஊதும் டெஸ்ட் எடுத்து ‘சிஓபிடி’ (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி, வாயில் வச்சு அழுத்தி இழுக்கிற மருந்து, ரெண்டு பஃப் தந்திருக்காங்க. பஃப் பழகிப்போயிடும்னு பக்கத்து வீட்டு அக்கா பயம் காட்டுறாங்க. அதனால் முட்டும்போது மட்டும்தான் அம்மா அடிக்கிறாங்க. நான் பக்கத்தில் இருந்து ‘நல்லா ஆழமா இழும்மா, இழும்மா’ன்னு சொல்றேன், சொல்லச் சொல்ல இன்னும் திணறுறாங்க. ஆக்ஸிஜன் சரியா இருக்கும்போது ஏன் மூச்சு முட்டணும்? மூச்சு எப்படித்தான் வேலை செய்யுது? வீட்டில் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் வாங்கி வைக்கட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ‘இழும்மா’ என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் அம்மாவுக்குக் காற்றை இழுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. இழுத்த காற்றை வெளியே விடுவதில்தான் சிக்கல். இது விளங்கினால் பஃப், ஆக்ஸிஜன், குளியல் எல்லாவற்றுக்கும் பதில் அதிலிருந்தே வரும்.

நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. அதில் காற்றை இழுக்கும் தசை எதுவும் இல்லை. வேலையைச் செய்வது அதன் அடியில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்ற தசை. ஓய்வில் அது மேல்நோக்கி வளைந்திருக்கும். மூச்சிழுக்கும்போது சுருங்கிக் கீழே இறங்கும். விலா எலும்புகள் மேலெழும். நெஞ்சுக்கூட்டின் கொள்ளளவு கூடும். உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று தானாக நுழையும். வெளிவிடுவதற்கு, ஓய்வில் இருக்கும்போது, எந்தத் தசையும் உழைப்பதில்லை. விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கும், காற்று வெளியே போகும். நல்ல நுரையீரலில் மூச்சுவிடுவது செலவில்லாத காரியம். அந்தச் சலுகைதான் உங்கள் அம்மாவுக்குப் போய்விட்டது.

பெரியவர் ஒருவர் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 500 மில்லி காற்றை இழுக்கிறார். அதில் சுமார் 150 மில்லி மூக்கு, தொண்டை, குழாய்களிலேயே நின்று எதற்கும் பயன்படாமல் திரும்பிவிடும். மீதி 350 மில்லிதான் ரத்தத்தோடு வாயுப் பரிமாற்றம் நடக்கும் காற்றறைகளுக்குப் போய்ச் சேரும். இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 12 தடவை 500 மில்லி என்றால் மொத்தம் 6 லிட்டர். அதில் காற்றறைக்குப் போவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 24 தடவை 250 மில்லியாக, மேல் மூச்சாக வாங்கினால், ஒவ்வொரு தடவையும் 100 மில்லி மட்டுமே உள்ளே சேரும். நிமிடத்துக்கு வெறும் 2.4 லிட்டர். பதறி வேகவேகமாக வாங்குகிற மூச்சில் உழைப்புதான் மிச்சம்.

காற்றுப் பாதையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். மூச்சுக்குழாய் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். அது அமுங்கிப் போகாமல் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கி நிற்கின்றன. அது இரண்டாகப் பிரிந்து, அதில் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகி, இப்படிச் சுமார் 23 தடவை பிரிந்துதான் கடைசிக் காற்றறைகளை அடைகிறது. காற்றறைகளின் எண்ணிக்கை 30 கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்பு. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரோ பல இடங்களில் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாதிகூட இராது.

நமக்கு இங்கே முக்கியம் நடுவில் இருக்கும் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு குழாய்கள். இவற்றில் குருத்தெலும்பு கிடையாது. சுற்றியிருக்கும் காற்றறைச் சுவர்கள் நாலா பக்கமும் பிடித்து இழுத்துக் கொண்டிருப்பதால்தான் திறந்தே இருக்கின்றன. மூச்சிழுக்கும்போது நுரையீரல் விரிவதால் இந்தப் பிடிப்பு இறுகி, குழாய் இன்னும் அகலும். வெளிவிடும்போது பிடிப்பு தளர்ந்து குழாய் கொஞ்சம் குறுகும். நல்ல நுரையீரலிலும் இது நடக்கிறதுதான்; ஆனால் தெரியாது.

புகை கெடுப்பது சரியாக இந்த இடத்தைத்தான். 10 மைக்ரானுக்குப் பெரிய தூசி பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும். அடுத்த அளவு பெரிய குழாய்களின் சளியில் ஒட்டும். அங்கிருக்கும் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். விறகு, ஓலை, கொதும்பு, சிரட்டை எரியும் புகையில் இருப்பதில் பெரும்பங்கு 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள். அது நேரே சிறு குழாய்களுக்கும் காற்றறைக்கும் போய்விடும். புகை நுண்மயிர்களின் அசைவையும் மந்தமாக்குவதால், சளியை வெளியேற்ற இருமல் ஒன்றுதான் வழி. காலையில் எழுந்ததும் அம்மா இருமுவது இதனால். துகளை அழிக்க வரும் வெள்ளணுக்கள் விடும் நொதிகள், காற்றறைச் சுவரின் மீள் இழைகளையும் சேர்த்து அரிக்கின்றன. குழாயின் உட்சுவர் வீங்கி, வருஷங்கள் போகப் போகத் தழும்பாகித் தடிக்கிறது. பீடி, சிகரெட்டால் வருவதில் காற்றறைச் சிதைவு தூக்கலாக இருக்கும். விறகுப் புகையால் வருவதில் பொதுவாகச் சிறு குழாய்த் தடிப்பு தூக்கலாக இருக்கும். முந்திரி ஆலையில் வறுக்கும்போது எழும் புகை இன்னும் மோசம். ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டாலே தோலைப் பொத்துவிடும்; அது எரிந்து புகையாகி வருவதைத்தான் பக்கத்துப் பிரிவில் உட்கார்ந்து அத்தனை வருஷம் இழுத்திருக்கிறார்கள். ‘புகைபிடிக்கும் பழக்கம் உண்டா’ என்று கேட்டு ‘இல்லை’ என்றதும் பேனாவை மூடிவிடக் கூடாத மாவட்டம் இது.

குழாய் கொஞ்சம் தடித்தால் என்ன என்று தோன்றலாம். சீராக ஓடும் காற்றுக்கு, குழாயின் ஆரம் பாதியானால் தடை 2 மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும். அதனால்தான் கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் சளி கூடினாலும் ஒரே நாளில் ஆள் படுத்துவிடுகிறார். மருந்து குழாயைக் கொஞ்சம் திறந்தாலும் பெரிய ஆறுதல் கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

இனி அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒன்றுக்கு 4 வினாடி. வெளிவிட இரண்டரை வினாடியாவது கிடைக்கும். குறுகிய குழாய் வழியாகவும் காற்று மெல்ல வெளியேறிவிடும். ஏற்றம் ஏறும்போது மூச்சு 30 ஆகிறது. ஒன்றுக்கு 2 வினாடி. வெளிவிட ஒரு வினாடிதான் மிஞ்சும். முழுதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. பழைய காற்று கொஞ்சம் உள்ளே தங்கும். அடுத்ததில் இன்னும் கொஞ்சம். நாகர்கோவில் பஸ்ஸில் இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் நெருக்கிக்கொண்டு நின்றால், கீழே நிற்பவர் எவ்வளவு முண்டினாலும் ஏற முடியாதல்லவா, அந்த நிலைதான். அதிலும், நெஞ்சு ஊதிப்போனதும் உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. ஏற்கெனவே இறங்கி நிற்கும் தசை இன்னும் எவ்வளவு இறங்கும்? அந்த நேரத்தில் ‘ஆழமா இழு’ என்றால், நிரம்பியதற்கு மேல் நிரப்பச் சொல்கிறோம். வேகமாக ஊதித் தள்ளச் சொன்னாலும் பலன் இல்லை. நெஞ்சின் அழுத்தம் பலவீனமான சிறு குழாய்களை வெளியிலிருந்து அமுக்கி மூடிவிடும்.

குளியல் விஷயமும் இதில் அடக்கம். உதரவிதானம் பலம் இழந்ததால் கழுத்து, தோள் தசைகளை வைத்து அம்மா மூச்சு வாங்கப் பழகியிருப்பார்கள். தலை துவட்டக் கையைத் தூக்கியதும் அதே தசைகள் கையைத் தாங்கப் போய்விடுகின்றன. குனிந்து வாளியில் மொள்ளும்போது வயிறு உதரவிதானத்தை நெருக்குகிறது. முக்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். தண்ணீரை இடுப்பு உயரத்தில் வையுங்கள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிவிட்டு, துவட்டுவதை நீங்கள் செய்யுங்கள்.

96 காட்டுகிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். விரலில் மாட்டும் கருவி ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அந்த 96-ஐ எட்ட உடல் எவ்வளவு பாடுபட்டது என்று சொல்லாது. மூச்சு முட்டும் உணர்வு, மூளை கேட்கும் அளவுக்கும் நெஞ்சு அசைந்து கொடுக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து பெரிதும் வருவது. ஆக்ஸிஜன் குறையாமலே அது வரும். இன்னொன்று, கருவி கரியமிலவாயுவை அளக்காது. நமக்கு அடுத்த மூச்சை வாங்கத் தூண்டுவது பெரும்பாலும் அந்த வாயுவின் அளவுதான். விறகுப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஏறியிருந்தால் அதையும் ஆக்ஸிஜன் என்றே எண்ணிச் சாதாரணக் கருவி கூட்டிக் காட்டும்; அடுப்படியிலிருந்து வந்தவுடன் பார்த்த எண்ணை நம்ப வேண்டாம். நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இருந்தாலும் எண் தப்பாக வரும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைச் சூடாக்கி, எண் அசையாமல் நின்ற பிறகு குறியுங்கள்.

ஊதும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் சில எண்களைப் பார்த்தால் போதும். முழு மூச்சு இழுத்து வேகமாக ஊதியதில் மொத்தம் வந்தது 1.70 லிட்டர். அதில் முதல் வினாடியில் வந்தது 0.95 லிட்டர். வகுத்தால் 0.56. குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் இது 0.70-க்குக் கீழே நின்றால் அடைப்பு நிலையானது, சிஓபிடி. முதல் வினாடி அளவு அவர் வயதுக்கும் உயரத்துக்கும் வர வேண்டியதில் 52 சதவீதம். 50 முதல் 79 வரை நடுத்தரம், அதன் கீழ் ஓரத்தில் இருக்கிறார்கள். மருந்துக்கு முன் 0.89, பின் 0.95, 60 மில்லிதான் கூடியிருக்கிறது. ஆஸ்துமாவாக இருந்தால் பெரும்பாலும் 200 மில்லிக்கும் 12 சதவீதத்துக்கும் மேல் கூடும். எனவே நோயின் பெயரில் எனக்குச் சந்தேகமில்லை. போன நுரையீரல் திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், அதை வைத்து இப்போதைவிட நன்றாக வாழலாம்.

மூச்சு முட்டும்போது செய்ய வேண்டியது இதுதான். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றட்டும். கை ஊன்றினால் தோள் தசைகள் விலாவைத் தூக்க உதவும்; முன்னால் சாய்ந்தால் உதரவிதானத்துக்குத் தன் வளைவு கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். மூக்கால் சாதாரணமாக இழுக்கட்டும், மனதில் இரண்டு எண்ணும் வரை. பிறகு உதட்டை விசிலடிப்பதுபோலக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெல்ல விடட்டும். அழுத்தி ஊதக் கூடாது. கன்னம் உப்பக் கூடாது. உதட்டில் வைக்கும் இந்தத் தடை, குழாய்க்குள் அழுத்தத்தைத் தக்கவைத்துச் சிறு குழாய்கள் மூடாமல் தாங்கும்; வேகமும் தானாகக் குறையும். முட்டாத நேரத்தில் தினம் இருவேளை ஐந்து நிமிடம் பழகினால்தான் முட்டும்போது கைகொடுக்கும். நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தை ‘மெல்ல விடும்மா’. குடம் தூக்குவது, படி ஏறுவது, குனிந்து எழுவது எல்லாம் வெளிவிடும் மூச்சில் நடக்கட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது.

பஃப் பற்றிய பயத்துக்கு ஒரு கணக்கு. குழாயை விரிக்கும் மருந்தான சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பஃப்பில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். இரண்டு அடித்தாலும் மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. நேரே குழாய்க்குப் போவதால் இவ்வளவு போதும். இது போதைப் பழக்கம் ஆகாது. தினம் வேண்டியிருப்பது நோய் தினம் இருப்பதால். உங்கள் வீட்டில் நடந்திருக்கும் தவறு வேறு: இரண்டு பஃப்பில் ஒன்று, காலையும் இரவும் முட்டினாலும் முட்டாவிட்டாலும் எடுக்க வேண்டியது, குழாயை நாள் முழுக்கத் திறந்து வைப்பது. மற்றது மட்டுமே அவசரத்துக்கு. சீட்டில் எது எது என்று பார்த்து, தினசரி பஃப்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஸ்பேசர், அதாவது பஃப்பைச் செருகி மறுமுனையில் வாய் வைத்து இழுக்கும் குடுவை, வாங்குங்கள். வெறும் பஃப்பில் அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் சேர வேண்டும். சேராவிட்டால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிவிடும். மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் செருகுங்கள். அம்மா முழுதும் மூச்சை விட்டபின் வாயை இறுக்கி வைத்துக்கொள்ள, நீங்கள் ஒரு முறை மட்டும் அழுத்துங்கள். மூன்று முதல் ஐந்து வினாடி மெல்ல இழுத்து, முடிந்தால் பத்து வினாடி அடக்கி, பிறகு விடட்டும். அடக்க முடியாவிட்டால் ஸ்பேசரிலேயே ஐந்தாறு சாதாரண மூச்சு போதும். இரண்டாவது அழுத்தத்துக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மறுபடி குலுக்குங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் துளிகள் சுவரில் படிந்து வீணாகும். தினசரி பஃப்பில் ஸ்டீராய்டு இருந்தால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையேல் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவர் இழுத்துக்கொள்ளும். பஃப் தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கம் தப்பு. மருந்து தீர்ந்தும் வாயு வந்து கொண்டிருக்கும். 120 அழுத்தம் கொண்ட பஃப்பை நாளுக்கு நான்கு அழுத்தினால் 30 நாள். தொடங்கிய தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். பொடி கேப்சூல் போட்டு இழுக்கும் கருவி தந்திருந்தால் முறை நேர் எதிர்: அதில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், ஸ்பேசர் பொருந்தாது.

இத்தனை செய்தும் விறகடுப்பு தொடர்ந்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். 30 வயதுக்கு மேல் எல்லோருக்குமே முதல் வினாடி அளவு வருஷத்துக்கு 25, 30 மில்லி குறையும். புகைக்குள் இருப்பவருக்கு அது இன்னும் வேகமாகக் குறையலாம். கிழங்கு அவிப்பதற்கு நேரமாகும், கேஸ் சீக்கிரம் தீரும் என்பது உண்மை. பெரிய குக்கர் ஒன்று வாங்கினால் கேஸ் செலவு குறையும். விறகு தவிர்க்கவே முடியாத நாளில் வேறு யாராவது முற்றத்தில் எரிக்கட்டும். அம்மா அந்தப் பக்கம் இருக்க வேண்டாம். அறைக்குள் கொசுவத்தி, சாம்பிராணி, முற்றத்தில் சருகு கொளுத்துவது, அக்கம்பக்கத்து ரப்பர் ஷீட் புகைக்கூடம், எல்லாம் ஒரே கணக்கில் வரும். துணியை முகத்தில் கட்டினால் இந்த அளவுத் துகள் நிற்காது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. சளிக் காய்ச்சலும் இரண்டு சுற்று. வருஷம் ஒரு ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள். நிமோனியா தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். நடை முக்கியம்: சமதளத்தில், பேச முடிகிற வேகத்தில், பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி வரை, வாரம் ஐந்து நாள். சும்மா உட்கார்ந்தே இருந்தால் கால் தசை கரைந்து, அடுத்த முறை அதே தூரத்துக்கு இன்னும் அதிக ஆக்ஸிஜன் கேட்கும். சாப்பாட்டில் விலக்க வேண்டியது எதுவும் இல்லை, மீன் தாராளமாகச் சாப்பிடட்டும். வயிறு முட்ட ஒரே நேரத்தில் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை.

ஆக்ஸிஜன் மெஷின் வாங்காதீர்கள். ஓய்வில் அளவு 88 அல்லது அதற்குக் கீழே தொடர்ந்து இருந்து, ரத்தப் பரிசோதனையும் உறுதி செய்தால்தான் அது தேவை. அப்போதும் நாளுக்கு 15 மணி நேரமாவது மாட்டினால்தான் பயன். இந்த நோயில் அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் கொடுத்தால் கரியமிலவாயு உள்ளே ஏறி மயக்கம் வரும். ஆஸ்பத்திரியில் 88 முதல் 92 வரை வைத்திருந்தால் போதும் என்று டாக்டர்கள் நிறுத்திக்கொள்வது இதனால்தான். குறைவாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து வால்வைத் திருகிவிடாதீர்கள்.

சளி கூடி, மஞ்சள் பச்சையாக மாறி, வழக்கத்தைவிட இளைப்பு இரண்டு நாள் நீடித்தால் அடுத்த தேதி வரை காத்திராமல் காட்டுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் வார்த்தை வார்த்தையாகப் பேசினால், ஓய்விலேயே நிமிடத்துக்கு 30 மூச்சானால், உதடு நீலமானால், பேச்சுக் குழறித் தூங்கித் தூங்கி விழுந்தால் உடனே 108. வண்டி வரும் வரை உட்கார வைத்தே இருங்கள், படுக்க வைக்க வேண்டாம். அவசர பஃப்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக, நான்கு முதல் ஆறு அழுத்தம் வரை கொடுக்கலாம்.

மூன்று மாதத்தில் ஒருமுறை நெஞ்சக நோய் டாக்டரிடம் காட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். ஊதும் டெஸ்ட் வருஷத்துக்கு ஒன்று போதும். போகும்போது சீட்டை மட்டும் கொண்டு போகாமல் இரண்டு பஃப்பையும் ஸ்பேசரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே அம்மாவை ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லி, அது சரியா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.